பதினாறாம் பிரிவு நீங்கலாக

ஜனவரி 12

என் செல்லத் தங்கச்சிக்கு,

நீயும் வாண்டுவும் சளி, காய்ச்சல்னு எதுவும் இல்லாம இருக்கீங்களா? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேற குறை இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் எங்க ஆபீசைக் கட்டினவனைத் திட்டிக்கிட்டே ஏறறேன்.

இனிமே எல்லாக் கடிதமும் நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து விலாசத்துக்குத்தான் வரும். வீட்டுக்கு அனுப்பின போன கடிதத்தை யாரோ பிரிச்சுத் திரும்ப ஒட்டியிருந்தாங்கன்னு நீ எழுதியிருந்தியே. யாரோ என்ன யாரோ, உன் வீட்டுக்காரர்தான். அந்த மனுஷனுக்குப் பசைகூட ஒழுங்காத் தடவத் தெரியலை பாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம அரசாங்கம் பெண்கள் உரிமை உடன்படிக்கையில சேரப் போகுதுடி! உலகத்துல பாதிக்கு மேல நாடுங்க எப்பவோ சேர்ந்தாச்சு. நாம கடைசி பஸ்ஸுக்கு ஓடற ஆளுங்க மாதிரி இப்பதான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடறோம். ஓடினவரைக்கும் சந்தோஷம். அந்தக் காகிதமெல்லாம் யார் கையால போகுது தெரியுமா? உன் அக்கா கையால. வெளியுறவு இலாகாவுல உடன்படிக்கைப் பிரிவுன்னா மூணு மேஜை, ஒரு மின்விசிறி, நான், அப்புறம் கமா. கமான்னா எங்க பெரியவர். அவர் மூலத்தைச் சத்தமா வாசிப்பார், நான் தட்டச்சு அடிச்சதோட ஒத்துப் பார்ப்பேன். ஒரு புள்ளி தவறக் கூடாதுன்னு கமா, முற்றுப்புள்ளி எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லுவார். வீட்டுல சாப்பாடு கேட்கும்போதும் அப்படித்தான் கேட்பார்னு நினைக்கிறேன்.

நேத்து பதினாறாம் பிரிவு வாசிச்சார். கல்யாணம், குடும்பம், குழந்தைங்க பத்தினது. குழந்தை விஷயத்துல அப்பாவுக்கு என்ன உரிமையோ அதே உரிமை அம்மாவுக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பண்ற கல்யாணம் செல்லவே செல்லாது. உன்னை நினைச்சுக்கிட்டேன்.

வாண்டுவுக்கு ஒரு முத்தம். உடனே பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 25

அக்கா,

ஒத்தடம் குடுக்கறியா இல்லை, திட்டறதோட சரியா? கால் வீங்கினா என்கிட்ட அழாதே.

இங்க கொதிகலன் ஒண்ணு ரிப்பேர். இருநூத்திப் பத்து விரிப்பையும் ஒரே கலன்ல கொதிக்க வெச்சு எடுக்கறோம். கடிதத்துல ஈரம் பட்டிருந்தா அது கண்ணீர் இல்லை, சலவைச் சோடா கலந்த தண்ணி. பெருமைப்பட்டுக்காதே.

நீ எழுதினதை மூணு தடவை படிச்சேன். படிச்சப்புறம்தான் உனக்கு இதைச் சொல்லணும்னு தைரியம் வந்துச்சு.

வாண்டுவை உன்கிட்ட அனுப்பிப் படிக்க வைக்கலாம்னு பேசினோமே, ஸ்கூல்ல போய் மாற்றுச் சான்றிதழ் கேட்டேன். தலைமை ஆசிரியை நல்லவங்கதான். ஆனா "அப்பா கையெழுத்து இல்லாம என்னால எதுவும் பண்ண முடியாதும்மா, சட்டத்துல அவர்தானே காப்பாளர்"ன்னு சொல்லிட்டாங்க. இவர்கிட்ட கேட்டேன். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பேனாவுல மை இல்லை"ன்னார். பேனா அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

இவரோட அறுவை மில்லுல கூட்டாளியா இருக்காரே, மரக்கடைக்காரர், அவர் சம்சாரம் போன வருஷம் தவறிடுச்சு. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்டுக்கு வர்றார். வந்தா வாண்டுதான் தண்ணி கொண்டுவந்து குடுக்கணும். நான் கொண்டு போனா இவர் முறைக்கிறார். போன வாரம் மரக்கடைக்காரர் கேட்டார், "பாப்பாவுக்கு என்ன வயசு?"ன்னு. இவர் சொன்னார், "பதினாலு நடக்குது." பதிமூணு முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு அக்கா. பெத்தவளுக்குத் தெரியாதா?

எங்க இஸ்திரி அக்காவோட அண்ணன் லாரி ஓட்டறார். வாரம் ஒரு தடவை உங்க ஊருக்கு வர்றார். என்னையும் வாண்டுவையும் ஏத்திக்கிறேன்னு அவரே சொன்னார். காகிதம் ஒண்ணும் கேட்க மாட்டார். நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, நாங்க வந்துடறோம்.

இங்க நாங்க சுகம்னு எழுதறதுதான் முறை. சுகம்தான்.

தங்கச்சி

*

பிப்ரவரி 3

என் தங்கமே,

உன் கடிதம் வந்ததிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. இருந்தாலும் நிதானமா எழுதறேன், நீயும் நிதானமாப் படி.

லாரி வேண்டாம்.

கோவிச்சுக்காதே. அப்பா கையெழுத்து இல்லாம பிள்ளையை ஊர் தாண்டிக் கூட்டிக்கிட்டுப் போனா கடத்தல்னு கேஸ் போடலாம். உன் வீட்டுக்காரர் போடுவார். போலீஸ் என் வாசல்ல வந்து நிக்கும், வாண்டுவைத் திரும்பக் கொண்டுபோய் அவர் கையில ஒப்படைக்கும். அப்புறம் உன்னை அவ பக்கத்துலயே விட மாட்டாங்க. உன் வேலையும் போகும். இது எங்கேயோ கேட்டது இல்லை, சட்டப் புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் எழுதறேன்.

உடன்படிக்கைக்கு மந்திரி சபை சம்மதம் குடுத்தாச்சு. ஏப்ரல்ல, நாம சேர்றோம்னு சொல்ற நம்ம பத்திரத்தை உலக நாடுகள் சபையில கொண்டுபோய் ஒப்படைப்பாங்க. அதுலேருந்து முப்பதாவது நாள் நடைமுறைக்கு வந்துடும். அன்னிக்கு நீ ஒளிஞ்சு மறைஞ்சு லாரியில வர வேண்டியதில்லை. நகராட்சி ஆபீசுக்கு நடந்து போய், காப்பாளர் படிவத்துல உன் பேரை எழுதி, உன் கையெழுத்தைப் போட்டு, சான்றிதழ் வாங்கி, பகல் பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து வா. முறையா வாடி. தலை நிமிர்ந்து வா. மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ.

பதினாறாம் பிரிவு அச்சான தாளை இதோட வெச்சிருக்கேன். பத்திரமா வெச்சுக்கோ.

என் ரூம்ல ஒத்தைக் கட்டில்தான் இருக்கு. இன்னொண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.

உன் அக்கா

*

பிப்ரவரி 17

அக்கா,

சரி. நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். லாரிக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "உங்க இஷ்டம்மா, நான் அடுத்த மாசம் வரைக்கும்தான் இந்தப் பக்கம் ஓட்டறேன்"னார்.

நீ அனுப்பின தாளை இஸ்திரி மேஜையில வெச்சு எல்லாருக்கும் வாசிச்சேன். மொதல்ல சிரிச்சாங்க. "இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமாக்கும்"னு ஒருத்தி. ரெண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாங்க. அப்ப யாரும் சிரிக்கலை. இஸ்திரி அக்கா பெட்டியைத் துணி மேலேயே வெச்சுட்டு நின்னுட்டாங்க, ஒரு டாக்டர் கோட்டு போச்சு. அந்தக் கோட்டுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை, உங்க மந்திரி சபையைத்தான் கை காட்டணும்.

மரக்கடைக்காரர் வாண்டுவுக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தார். காலுக்குக் கச்சிதமா இருந்துச்சு. அளவு யார் குடுத்தாங்கன்னு நான் கேட்கலை. அவளுக்குச் செருப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கிட்டு நடக்கறா. நான் கழட்டுன்னா, "ஏம்மா?"ங்கறா.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். தேதி. தேதி தெரிஞ்ச உடனே எழுது. ஒரு தேதி கையில இருந்தா நான் எதையும் தாங்கிப்பேன்.

கட்டில் அகலமா சொல்லு, அவ உருண்டு படுப்பா.

தங்கச்சி

*

மார்ச் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்க ரெண்டு பேரும் சுகம்தானே? தாமதமா எழுதறேன், மன்னிச்சுக்கோ. ஆபீசுல வேலை ஜாஸ்தி. முழங்கால் பரவாயில்லை. கமாவுக்கு இருமல் விடவே இல்லை. இங்க வெயில் இப்பவே ஆரம்பிச்சிடுச்சு.

பத்திரம் தயாராகி, மேல கையெழுத்தும் ஆயிடுச்சு. ஏப்ரல்ல போகும்.

கட்டில் வந்துடுச்சு. ஜன்னல் பக்கம் போட்டிருக்கேன்.

அந்த லாரிக்காரர் இன்னும் இந்தப் பக்கம் வர்றாரா? சும்மாதான் கேட்கறேன். உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

அஞ்சு வாரம் கழிச்சு இப்படி மொட்டையா ஒரு கடிதமா? கமாவோட இருமலைத் தெரிஞ்சுக்கவா நான் தினம் தபால்காரர் வர்ற வழியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே. நீ மறைச்சா எனக்குத் தெரிஞ்சிடும். சின்ன வயசுல கண்ணாடி டம்ளரை உடைச்சுட்டு, கேட்காமலே வீடு பூரா பெருக்கினவதானே நீ.

லாரிக்காரர் போயிட்டார். வேற பக்கம் மாத்திட்டாங்க. ஏன் கேட்டே? நீதானே வேண்டாம்னே?

இங்க நிலைமை சரியில்லை. போன திங்கட்கிழமையிலேருந்து வாண்டு ஸ்கூலுக்குப் போகலை. "போதும் படிச்சது"ன்னு ஒரே வார்த்தை. நான் கத்தினேன். இவர் கத்தலை, கை நீட்டலை. சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவிட்டு, "மே இருபத்தஞ்சு நாள் பார்த்திருக்கோம். நகராட்சியில பதிவு, அவ்வளவுதான், ஆடம்பரம் வேண்டாம்"னு சொல்லிட்டு செய்தித்தாளை எடுத்துக்கிட்டார். அப்பா சம்மதம்னு கையெழுத்து இருந்தா இங்க வயசைப் பார்க்க மாட்டாங்களாம். விசாரிச்சு வெச்சிருக்கார்.

மரக்கடைக்காரருக்கு நாப்பத்தாறு வயசு.

அதனால நேராவே கேட்கறேன், நீயும் நேராவே சொல்லு. உடன்படிக்கை மே இருபத்தஞ்சுக்கு முன்னால நடைமுறைக்கு வந்துடுமா? பதினாறாம் பிரிவு அதுல இருக்கில்லை? இந்த ரெண்டுக்கும் மட்டும் பதில் போடு, போதும். இருமல் கதை வேண்டாம்.

தங்கச்சி

*

ஏப்ரல் 18

அன்புத் தங்கச்சிக்கு,

வாண்டுவும் நீயும் தைரியமா இருங்க. நான் சுகம்.

ரேடியோவுல கேட்டிருப்பே. பதினஞ்சாம் தேதி நம்ம பத்திரத்தை ஒப்படைச்சுட்டாங்க. மே பதினஞ்சுல நடைமுறைக்கு வருது. ஆபீசுல எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. மந்திரி வந்து கமாவுக்கும் எனக்கும் கை குடுத்தார்.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில்: உடன்படிக்கையில பதினாறாம் பிரிவு இருக்கு. நான் அனுப்பின தாளில இருக்கறது அப்படியே இருக்கு.

ஆனா எதுக்கும் அவசரப்பட்டு நகராட்சிக்குப் போயிடாதே. புதுச் சட்டம்னா ஊர்ல இருக்கற ஆபீசருக்குத் தெரியறதுக்கு நாளாகும். நான் இங்க சிலபேர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். பேசிட்டு எழுதறேன்.

அக்கா

*

மே 2

அக்கா! என் ராசாத்தி!

பதினஞ்சு! பத்து நாள் முன்னாடியே வந்துடுது. உன் கடிதத்தை இஸ்திரி அக்கா கையில குடுத்துட்டு நான் விரிப்புக் குவியல் மேல உட்கார்ந்துட்டேன். ஆபீசருக்குத் தெரியலைன்னா என்ன, தாளை நான்தான் வெச்சிருக்கேனே, வாசிச்சுக் காட்டறேன். கமாவெல்லாம் சேர்த்து வாசிக்கறேன், போதுமா?

எல்லாம் யோசிச்சுட்டேன். வாண்டுவோட துணியை தினம் ஒண்ணா வேலைக்குக் கொண்டுவர்றேன், கறை போகலை, ஆஸ்பத்திரிச் சோப்புல துவைக்கணும்னு சொல்லி. ஆறு சட்டை இங்க வந்தாச்சு. பன்னெண்டாந்தேதி லீவு சொல்லியிருக்கேன், படிவத்துக்கு அவளைப் போட்டோ எடுக்கணும். பதினஞ்சாந்தேதி காலையில நகராட்சி திறக்கும்போது நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நிப்போம். அங்கேருந்து ஸ்கூல், அங்கேருந்து பஸ்.

வாண்டுகிட்டயும் சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியலை. "பதினஞ்சாந்தேதி ஒரு சட்டம் வருது, அன்னிக்கு நாம பெரியம்மாகிட்ட போறோம்"னேன். காலண்டர்ல அந்த நாள்மேல சின்னதா ஒரு புள்ளி வெச்சிருக்கா. யார் கண்ணுக்கும் தெரியாது.

இவர் இப்பல்லாம் சிரிச்சுப் பேசறார் அக்கா. நேத்து எனக்குத் தலைவலின்னு மாத்திரை வாங்கிட்டு வந்தார். பத்து வருஷத்துல இல்லாத வழக்கம். எனக்கு அதைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. மாத்திரையைப் போடலை.

இன்னும் பதிமூணு நாள்.

தங்கச்சி

*

மே 8

என் கண்ணே,

போகாதே. நகராட்சிக்குப் போகாதே.

நான் உன்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். மார்ச் ஆரம்பத்துலேருந்தே எனக்குத் தெரியும்.

ஒரு நாடு உடன்படிக்கையில சேரும்போது, எல்லாத்துக்கும் சம்மதிச்சுத்தான் சேரணும்னு இல்லை. "நாங்க சேர்றோம், ஆனா இன்ன பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது"ன்னு கடைசியில ஒரு பக்கம் சேர்த்துக்கலாம். நம்ம பத்திரத்துல அப்படி ஒரு பக்கம் இருக்கு. கோப்பு மேலேருந்து திரும்பி வந்தப்ப அந்தப் பக்கத்தோடதான் வந்துச்சு. கமா வழக்கம்போலச் சத்தமா வாசிச்சார்: "பதினாறாம் பிரிவு நீங்கலாக, கமா, இந்த உடன்படிக்கையின் எல்லாப் பிரிவுகளையும், கமா." அப்புறம் அவரால வாசிக்க முடியலை, இருமினார். நான்தான் அடிச்சேன்டி. இந்தக் கையால அடிச்சேன். இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா வேணும்னே ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சேன், அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கணும், ஒரு நாளாவது தள்ளிப்போகும்னு. மறுநாள் சரியா அடிச்சுக் குடுத்துட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஏன் சொல்லலைன்னு கேட்பே. லாரியில வராதேன்னு சொன்னது நான். மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கோன்னு சொன்னது நான். இதைச் சொன்னா உன் முகம் எப்படிப் போகும்னு நினைச்சு நினைச்சே நாலு கடிதத்தைக் கிழிச்சேன். அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்லி இங்க மாதர் சங்கத்துப் பெண்கள் மனு குடுத்திருந்தாங்க, எடுத்துடுவாங்கன்னு நம்பினேன். நீ நேராக் கேட்டப்பகூட "உடன்படிக்கையில இருக்கு"ன்னுதான் எழுதினேன், நம்ம நாட்டுக்கு உண்டுன்னு எழுதலை. ஆபீசுல எழுதிப் பழகின கை, பொய்யில்லாமலே ஏமாத்தத் தெரிஞ்சுக்கிச்சு. உன்னையே ஏமாத்திட்டேன்.

நேத்து மேலதிகாரியைக் கேட்டேன். பக்கம் அப்படியேதான் இருக்கும்னுட்டார். மே பதினஞ்சு வந்தாலும் உன் ஊர் நகராட்சியில ஒண்ணும் மாறாது. நீ அங்க போய் நின்னா, ஆபீசர் முதல் வேலையா உன் வீட்டுக்காரருக்குத்தான் ஆள் அனுப்புவார்.

அதனால இப்ப நான் சொல்றதைக் கேளு. காகிதம் எதுவும் வேண்டாம். கேஸ் வந்தா வரட்டும், ஜெயிலுக்கு நான் போறேன். பதினாலாந்தேதி காலை ஆறு மணிக்கு முதல் பஸ். வேலைக்குப் போற மாதிரி கிளம்பு, வாண்டுவையும் சலவைக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொல்லு. ஒரு மணிக்கு இங்க வந்துடும். நான் பஸ் நிலையத்துல நிக்கறேன். துணிமணி போனாப் போகட்டும்.

இந்தக் கடிதம் தவறவே கூடாதுன்னு ஆபீசுல பண்ற மாதிரி பதிவுத் தபால்ல, ஒப்புதல் அட்டையோட அனுப்பறேன். நாலு நாள்ல உன் கைக்கு வந்துடும்.

என்னைத் திட்டு. ஆனா வந்து திட்டு.

அக்கா

*

மே 14

எங்கடி இருக்கே?

பஸ் நிலையத்துத் தபால் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு எழுதறேன். ஒரு மணி பஸ் வந்துச்சு. மூணு மணி பஸ் வந்துச்சு. இப்ப அஞ்சு மணி பஸ்ஸும் காலியாயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் கடைசி ஆள் இறங்கற வரைக்கும் பார்த்தேன், கண்டக்டரைக்கூடக் கேட்டேன். கடிதம் கிடைச்சுதா இல்லையா? இதைச் சாதாரணத் தபால்ல போடறேன். இஸ்திரி அக்காகிட்டயாவது சொல்லி ஒரு வரி எழுதச் சொல்லு.

அக்கா

*

மே 17

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கு அனைவரும் நலம்.

தாங்கள் என் மனைவிக்கு அனுப்பிய பதிவுத் தபாலைப் பன்னிரண்டாம் தேதி, கணவன் என்ற முறையில், நானே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன். தபால்காரர் முதலில் சலவைக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறார். அன்று இவள் விடுப்பு. சாதாரணத் தபாலாக இருந்தால் அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பாராம். பதிவுத் தபால் என்பதால் பொறுப்பாக வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்தார். ஒப்புதல் அட்டை இதற்குள் தங்களுக்கு வந்திருக்கும்.

சட்ட விஷயத்தைத் தாங்கள் மிகவும் தெளிவாக விளக்கியிருந்தீர்கள். எனக்கே சிறிது குழப்பம் இருந்தது. ரேடியோவில் ஏதேதோ சொன்னார்களே என்று நகராட்சி அலுவலரும் தயங்கிக்கொண்டிருந்தார். தங்கள் கடிதத்தின் அந்தப் பகுதியை மட்டும் அவரிடம் காட்டினேன். அந்த இலாகாவிலேயே வேலை செய்பவர் எழுதியது என்றதும் அவருக்கும் திருப்தி. ஆகவே இருபத்தைந்தாம் தேதி வரை காத்திருக்காமல் பதின்மூன்றாம் தேதியே பதிவை முடித்துக்கொண்டோம்.

மகள் அவள் வீட்டில் நலமாக இருக்கிறாள். என் மனைவிக்கு ஓய்வு தேவைப்படுகிறது. வேலையிலிருந்து அவளை விடுவிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி அந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

பதினான்காம் தேதி தாங்கள் பேருந்து நிலையத்தில் வெயிலில் நின்றிருந்தால் வருந்துகிறேன்.

தங்கள் உடல்நலம் பேணவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்

*

ஜூன் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு வாண்டு எழுதறது,

நீங்க எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். இஸ்திரி அத்தை மரக்கடைக்குப் பலகை கேட்கற மாதிரி வந்தாங்க, அவங்ககிட்ட இதைக் குடுத்து அனுப்பறேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க, வேகமா எழுதறேன்.

நான் இப்ப மரக்கடை மாடி வீட்டுல இருக்கேன். இங்க அவருக்கு ரெண்டு பொண்ணுங்க. ரெண்டு பேருமே என்னைவிடப் பெரியவங்க. என்னை சித்தின்னு கூப்பிடணுமாம். சின்னவங்க கூப்பிடறாங்க. பெரியவங்க கூப்பிட மாட்டேன்னு அழறாங்க, அதுக்கு அவர் அவங்களைத் திட்டறார். எனக்குக் கஷ்டமா இருக்கு. நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை.

அம்மாவை நான் பார்க்கலை. அன்னிக்கு நகராட்சியில அம்மா உங்க தாளை எடுத்து வாசிச்சாங்க. ரொம்பச் சத்தமா வாசிச்சாங்க. ஆபீசர் கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்மா"ன்னு சொல்லிச் சிரிச்சார். அப்பாவும் சிரிச்சார். அப்புறம் அம்மாவை வெளியில கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அதனால நான் இங்க வந்தப்புறமும் பதினஞ்சாந்தேதி காலையிலேயே எழுந்து, என் துணியெல்லாம் ஒரு பையில கட்டி, வாசல்கிட்ட உட்கார்ந்திருந்தேன். சட்டம் வந்தா யாராவது வந்து சொல்லுவாங்கன்னு நினைச்சேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரலை.

ஒருவேளை இந்த மாசம் பதினஞ்சா பெரியம்மா? நான் தேதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? எனக்குத் தேதியை மட்டும் ஒரு கார்டுல எழுதி அனுப்புங்க. இங்க வர்ற கடிதத்தை எல்லாம் அவர்தான் படிப்பார், அதனால வேற எதுவும் எழுத வேண்டாம். வெறும் நம்பர்தானேன்னு விட்டுடுவார். எனக்குப் புரிஞ்சிடும், நான் பையைப் பிரிக்காம அப்படியே வெச்சிருக்கேன்.

வாண்டு